காப்பக நாயை வீட்டுக்குக் கொண்டுவரும் முன் கதவைப் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தெருநாய்களைப் பற்றி எந்த விவாதம் நடந்தாலும், 'ஆளுக்கொரு நாயைத் தத்தெடுத்தால் தீர்ந்தது' என்று யாராவது ஒருவர் சொல்லிவிடுகிறார். தத்தெடுப்பு முகாம்களின் படங்களும் நாளிதழ்களில் வருகின்றன. சிரிக்கும் குடும்பம், நடுவில் ஒரு நாய். அடுத்த நாள் காலை அந்த வீட்டில் என்ன நடக்கும் என்று யாரும் எழுதுவதில்லை. நாய் கட்டிலுக்கு அடியில் சுவரோடு ஒட்டிக் கிடக்கும். வைத்த சோறு அப்படியே இருக்கும். பால் பாக்கெட் எடுக்கக் கதவைத் திறந்த நொடியில் காலுக்கிடையில் நழுவித் தெருவுக்குப் போயிருக்கும். அது அதற்குத் தெரிந்த தெருவும் இல்லை.

22.8.2025 அன்று உச்ச நீதிமன்றம் டெல்லி தெருநாய் வழக்கில் பிறப்பித்த உத்தரவில், தெருநாயைத் தத்தெடுக்க விரும்புவோர் மாநகராட்சியிடம் விண்ணப்பிக்கலாம் என்றது. அப்படி எடுத்த நாய் மறுபடி தெருவுக்கு வராமல் பார்த்துக்கொள்வது எடுத்தவர் பொறுப்பு என்றும் அதே உத்தரவு சொல்கிறது. தக்க காரணமில்லாமல் விலங்கைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். 'ஒத்துவரவில்லை, பிடித்த இடத்திலேயே விட்டுவிட்டோம்' என்று சாதாரணமாகச் சொல்பவர்கள் இதை அறிந்திருப்பதாகத் தெரியவில்லை. ஒத்துவராமல் போவதற்கான காரணங்கள் பெரும்பாலும் முதல் 2 வாரங்களில் நாம் செய்யும் காரியங்களில்தான் இருக்கின்றன. அவற்றைப் பற்றியே இந்தக் கடிதம். சற்று நீளமாக இருப்பதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

முதல் தவறு நாயைத் தேர்ந்தெடுக்கும்போதே நடக்கிறது. காப்பகத்தில் பத்து நாய்கள் குரைத்துக்கொண்டு ஓடிவர, ஒன்று மட்டும் மூலையில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும். 'இதுதான் சாது' என்று அதைக் கைகாட்டுகிறார்கள். அது சாது அல்ல, பயத்தில் உறைந்துபோயிருக்கிறது. வால் வயிற்றுக்கடியில் சொருகியிருக்கும், காது பின்னால் படிந்திருக்கும், தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் ஓரமாகத் திருப்பிப் பார்க்கும்போது வெள்ளை விழி பிறை போலத் தெரியும். தூக்கமே வராத நேரத்தில் கொட்டாவி விடும், எதிரில் உணவே இல்லாமல் உதட்டை நக்கும். தொட்டால் எதிர்க்காது, தூக்கினாலும் எதிர்க்காது. தப்பிக்க வழியில்லை என்று முடிவுசெய்துவிட்ட உடம்பு அது. வீட்டுக்கு வந்து 2, 3 வாரம் கழித்து அந்த உறைநிலை இளகும்போதுதான் குரைப்பதும், உணவுத்தட்டுக்குப் பக்கத்தில் வருபவரைப் பார்த்து உறுமுவதும் ஆரம்பிக்கும். 'முதல்ல நல்லாத்தான் இருந்துச்சு, இப்ப கெட்டுப்போச்சு' என்று திருப்பிக் கொடுக்க வருபவர்கள் சொல்லும் வாக்கியம் இதைப் பற்றியதே. நாய் கெட்டுப்போகவில்லை. அப்போதுதான் வாயைத் திறந்திருக்கிறது.

குட்டிகளுக்கு ஏறக்குறைய 3 முதல் 14 வாரம் வரையிலான பருவத்தில் பார்ப்பதெல்லாம் பழகிவிடும். மனிதர், குழந்தை, குக்கர் விசில், மிக்ஸி, ஸ்கூட்டர் எல்லாமே. அந்தப் பருவத்தில் மனிதக் கை படாமல் வளர்ந்த நாய், பிறகு எவ்வளவு நல்ல வீட்டுக்கு வந்தாலும் புதியதைக் கண்டு முதலில் பயப்படத்தான் செய்யும். யாரோ அடித்திருப்பார்கள் என்று கதை கட்ட வேண்டியதில்லை. பல நாய்களை யாரும் அடித்திருக்க மாட்டார்கள். யாரும் பழக்கவும் இல்லை, அவ்வளவுதான்.

ஆகவே காப்பகத்தில் கேட்க வேண்டிய கேள்விகள் நிறத்தையும் வயதையும் பற்றியவை மட்டும் அல்ல. எங்கே பிடிக்கப்பட்டது, எத்தனை மாதமாக இங்கே இருக்கிறது, கயிற்றில் நடந்து பழக்கமா, ஆள் எதிரில் நிற்கும்போது சாப்பிடுகிறதா, ஆண்களிடம் ஒரு மாதிரி பெண்களிடம் ஒரு மாதிரியா, வேறு நாய் பக்கத்தில் இருந்தால் தைரியம் வருகிறதா என்று கேளுங்கள். கடைசிக் கேள்வி முக்கியமானது. இன்னொரு நாயைப் பார்த்துப் பார்த்துப் பழகும் நாயை, ஏற்கெனவே நிதானமான ஒரு நாய் இருக்கும் வீட்டுக்குக் கொடுத்தால் பாதி வேலையை அந்த மூத்த நாய் செய்துவிடும். காப்பகத்துக்கு ஒரே ஒரு முறை போய்விட்டு அன்றே கூட்டிவருவதைவிட, 3 அல்லது 4 முறை போய்ச் சும்மா பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு வருவது நல்லது. உங்கள் வாசனை தெரிந்த நாய் வண்டியில் ஏறுவதற்கும் தெரியாத நாய் ஏறுவதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. அது படுத்திருந்த சாக்கையோ பழைய துணியையோ துவைக்காமல் வாங்கி வாருங்கள்.

வண்டி என்றதும் ஆட்டோ ஞாபகம் வரும். பயந்த நாயை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் வருவதைப் போல ஆபத்தான காரியம் இல்லை. இரண்டு பக்கமும் திறப்பு; சிக்னலில் ஒரு பஸ் ஹாரன் அடித்தால் போதும். ஸ்கூட்டரில் கால் வைக்கும் இடத்தில் நிற்கவைத்துக் கொண்டுவருவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கதவும் கண்ணாடியும் மூடிய கார் வேண்டும்; நாய் கூண்டுக்குள் இருக்க வேண்டும்; கூண்டின் மேல் ஒரு பருத்திப் போர்வை, காற்றுக்கு ஒரு பக்கம் திறப்பு. 15 முதல் 18 கிலோ எடையுள்ள நாட்டு நாய்க்கு 36 அங்குல நீளக் கூண்டு சரியாக இருக்கும். புறப்படுவதற்கு 4 மணி நேரம் முன்பிருந்து சாப்பாடு கொடுக்காவிட்டால் வாந்தி குறையும். வீட்டு வாசலில் கூண்டைத் திறக்கக் கூடாது. கூண்டோடு உள்ளே கொண்டுபோய், எல்லாக் கதவும் மூடிய பிறகே திறக்க வேண்டும்.

அடுத்தது கழுத்துப்பட்டை. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும். நாய் எப்படித் தப்பியது என்று கேட்டால் 'கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிவிட்டது' என்பார்கள். கயிறு அறுவது அபூர்வம். நம் நாட்டு நாய்களுக்குத் தலையும் கழுத்தும் ஏறக்குறைய ஒரே சுற்றளவு. பயந்த நாய் முன்னால் ஓடாது, பின்னால் இழுக்கும். தலையைத் தாழ்த்திப் பின்னால் ஓர் எட்டு வைத்தால் சாதாரண பட்டை காதைத் தாண்டி உருவிக்கொண்டு வந்துவிடும். பட்டை உங்கள் கையில், நாய் சாலையில். இரண்டு விரல் நுழையும் அளவு இறுக்கமாகப் போட்டாலும் இது நடக்கும்.

இதற்கு மார்ட்டிங்கேல் என்று ஒரு பட்டை உண்டு. இழுக்கும்போது சற்று இறுகும், விட்டால் தளரும். இறுகிய நிலையில் இரண்டு வளையங்களுக்கும் இடையே இரண்டு விரல் இடைவெளி இருந்தால் அளவு சரி. வளையங்கள் ஒன்றோடொன்று முட்டினால் பட்டை பெரிது, நாய் உருவிக்கொள்ளும். அதோடு ஒரு ஹார்னஸ், அதாவது உடம்பைச் சுற்றி மாட்டும் வார். மார்பைச் சுற்றி மட்டும் போகும் ஹார்னஸும் பின்னால் இழுத்தால் முன்னங்கால் வழியாகக் கழன்றுவிடும் என்பதால், விலா எலும்பு முடியும் இடத்தில் இன்னொரு வார் இருக்கும் வகையாகப் பார்த்து வாங்க வேண்டும். பட்டையில் ஒரு கயிறு, ஹார்னஸில் ஒரு கயிறு; ஒன்று கையில், மற்றது இடுப்பில். ஒன்று போனாலும் இன்னொன்று இருக்கும். நாய் இழுக்க இழுக்க நீளும் சுருள் கயிறு கூடவே கூடாது. அதன் பிளாஸ்டிக் கைப்பிடி நழுவிக் கீழே விழுந்தால் 'தடதட'வென்று நாயின் பின்னாலேயே ஓடிவரும்; தன்னை ஏதோ துரத்துகிறது என்று அது ஓட ஓட, சத்தமும் கூடவே ஓடும். இரும்புச் சங்கிலியின் கலகல ஒலியும் பல நாய்களுக்கு ஆகாது. பருத்தி அல்லது நைலான் நாடாக் கயிறு, 6 அடி, போதும்.

மார்ட்டிங்கேலை வீட்டுக்குள் போட்டுவைக்கக் கூடாது. எதிலாவது மாட்டினால் கழுத்தை இறுக்கும். உள்ளே இருக்கும்போது, தொலைபேசி எண் பொறித்த சாதாரணப் பட்டை மட்டும் கழுத்தில் இருக்கட்டும். நாய் வீட்டில் கால் வைக்கும் முன்பே அந்த எண் அங்கே இருக்க வேண்டும். ஒரு வாரம் கழித்து எழுதிக்கொள்ளலாம் என்று விட்டவர்கள்தான் பிறகு சுவரொட்டி அடிக்கிறார்கள்.

இனி வீடு. நாய் வருவதற்கு முந்தின நாள் தரையில் மண்டியிட்டு ஒரு சுற்று வாருங்கள். கேட்டுக்கும் தரைக்கும் நடுவே உள்ள இடைவெளியில் நாயின் தலை நுழையுமானால் உடம்பும் நுழையும். அங்கே ஒரு பலகையோ கம்பி வலையோ அடியுங்கள். பால்கனிக் கிரில்லுக்கும் இதே கணக்கு. 5 அடி மதிலை, பக்கத்தில் ஒரு தண்ணீர்த் தொட்டியோ பைக்கோ இருந்தால், நாட்டு நாய் சிரமமில்லாமல் ஏறிவிடும். மொட்டை மாடியில் தனியாக விடவே கூடாது. கைப்பிடிச் சுவருக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது; மிரண்ட நேரத்தில் தாண்டிவிடும்.

நம் வீடுகளில் ஒரு வசதி, வாசலில் மரக்கதவும் கிரில் கதவுமாக இரண்டு இருப்பது. இரண்டும் ஒரே நேரத்தில் திறந்திருக்கக் கூடாது. இந்த ஒரே விதியை வீட்டிலுள்ளவர், வேலைக்கு வரும் அம்மா, கேஸ் சிலிண்டர் போடுபவர், பார்சல் கொண்டுவருபவர் என அத்தனை பேரும் மனப்பாடம் செய்ய வேண்டும். கதவில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். ஒரே கதவு உள்ள குடியிருப்பு என்றால், நாய் இருக்கும் அறையின் கதவு மூடியிருக்கும்போதே வாசல் திறக்கப்பட வேண்டும்.

நாய்க்கு ஒரு மூலை ஒதுக்குங்கள். சமையலறை, டிவி, வாசல் மூன்றிலிருந்தும் விலகிய இடம். இரண்டு பக்கம் சுவர் இருப்பது நல்லது. பின்னாலிருந்து யாரும் வர முடியாது என்ற நம்பிக்கை அதற்கு வேண்டும். கூண்டின் கதவைக் கழற்றிவிட்டோ திறந்து கட்டிவிட்டோ, மேலே போர்வை போர்த்தி, காப்பகத்துத் துணியை உள்ளே விரியுங்கள். கூண்டு இல்லையென்றால் மேசைக்கடியில் பழைய புடவையைத் தொங்கவிட்டாலும் சரிதான். கட்டிலுக்கு அடியில் போய்விட்டால் துடைப்பத்தால் தள்ளுவது, காலைப் பிடித்து இழுப்பது இரண்டும் வேண்டாம். ஒரு முறை இழுத்தால் அந்த இடமும் போயிற்று, உங்கள் மேல் வரவிருந்த நம்பிக்கையும் போயிற்று.

முதல் 3 நாள் யாரும் பார்க்க வரக் கூடாது. சித்தப்பா வீட்டுக் குழந்தைகள், மாடி வீட்டார், அலுவலக நண்பர்கள், யாருமே. குளிப்பாட்டவும் கூடாது. நாற்றம் அடிக்கிறது என்று வந்த அன்றே குழாயடியில் நிறுத்துபவர்கள் உண்டு. தெரியாத வீட்டில், தெரியாத ஆட்கள் பிடித்து அழுத்தித் தண்ணீர் ஊற்றினால் அந்த நாய் வேறு எப்படி எடுத்துக்கொள்ளும்? ஈரத்துணியால் துடைப்பதற்குக்கூட 2 வாரம் பொறுக்கலாம். இங்கே பெரும் தடையாக இருப்பது நம் பாசம்தான். கொஞ்ச வேண்டும், மடியில் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டும், பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்று கை பரபரக்கும். நாய்களின் வழக்கத்தில் நேருக்கு நேர் கண்ணைப் பார்ப்பதும், தலைக்கு மேல் கை கொண்டுவருவதும், மேலே குனிவதும் மிரட்டல். பக்கவாட்டில் திரும்பி, தரையில், ஏழெட்டு அடி தள்ளி உட்கார்ந்து பேப்பர் படியுங்கள். அதுவே அந்த நாளுக்கான பயிற்சி.

தின்பண்டம் காட்டிக் கிட்டே இழுப்பது பலரும் செய்யும் தவறு. பசியில் நாய் கழுத்தை நீட்டி, பின்னங்கால்களை ஓடுவதற்குத் தயாராக வைத்துக்கொண்டே வந்து வாங்கும். வாங்கியதும்தான் எவ்வளவு கிட்டே வந்துவிட்டோம் என்று உணர்ந்து மிரண்டு ஓடும், சில நேரம் அந்தப் பதற்றத்தில் கையைக் கவ்வும். மாற்றிச் செய்யுங்கள். வேகவைத்த கோழி ஈரலைச் சுண்டைக்காய் அளவுக்கு நறுக்கி, ஒரு துண்டை நாய்க்குப் பின்னால் விழும்படி மெதுவாக எறியுங்கள். அது உங்களை விட்டு விலகிப் போய்த் தின்னும். விலகிப் போனதும் பயம் குறையும்; தானாகத் திரும்பிவரும். அடுத்ததையும் பின்னாலேயே எறியுங்கள். ஒரு வேளைக்கு 10 துண்டு போதும். கிட்டே வருவதும் தள்ளிப் போவதும் தன் விருப்பம் என்று தெரிந்துகொண்ட நாய் சில நாளில் தானே வந்து முழங்காலை மோந்து பார்க்கும். அப்போதும் தலையைத் தடவ வேண்டாம். மார்பையோ தோளையோ 3 விநாடி தடவிவிட்டுக் கையை எடுங்கள். அது நெருங்கிவந்து சாய்ந்தால் இன்னும் கொஞ்சம்; முகத்தைத் திருப்பினாலோ உடம்பை உதறினாலோ அன்றைக்கு அவ்வளவுதான்.

சாப்பாட்டில் அவசரப்படக் கூடாது. காப்பகத்தில் கோழிச் சோறு என்றால் வீட்டிலும் முதல் நாள்களில் அதுவே. பாக்கெட் தீவனத்துக்கு மாற்றுவதாக இருந்தால் 7 நாளில் கால், அரை, முக்கால் என்று கூட்டிக்கொண்டு போக வேண்டும். ஒரே நாளில் மாற்றினால் வயிற்றுப்போக்கு வரும். பயந்த நாயின் வயிறு ஏற்கெனவே கலங்கித்தான் இருக்கும். 15 கிலோ எடையுள்ள வளர்ந்த நாய்க்கு ஒரு நாளுக்கு ஏறத்தாழ 800 கலோரி வேண்டும்; அதை 2 அல்லது 3 வேளையாகப் பிரித்து, தட்டை வைத்துவிட்டு அறையை விட்டு வந்துவிடுங்கள். பல நாய்கள் இரவில் எல்லோரும் படுத்த பிறகே சாப்பிடும். முதல் நாள் சாப்பிடாதது இயல்பு. 2 நாளைத் தாண்டினாலோ, தண்ணீரும் குடிக்காவிட்டாலோ மருத்துவரிடம் போக வேண்டும். குட்டி என்றால் அரை நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. மிஞ்சிய சாம்பார் சாதம், கறிக்குழம்பு சாதம் வேண்டாம். அதில் கரைந்திருக்கும் வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். திராட்சை, உலர்திராட்சை, சாக்லேட், வேகவைத்த கோழி எலும்பு இவையும் கூடாது. தயிர்ச் சோற்றை அளவாகக் கொடுக்கலாம், தாளிப்பு இல்லாமல்.

சிறுநீரை 24 மணி நேரம்வரைகூட அடக்கிவைக்கும் நாய்கள் உண்டு. மண்ணிலும் புல்லிலும் பழகியவற்றுக்கு டைல்ஸ் தரை புரியாது. பால்கனி ஓரத்தில் ஒரு அகலமான தட்டில் மண் நிரப்பி வைத்தால் பெரும்பாலும் புரிந்துகொள்ளும். உள்ளே போய்விட்டால் திட்டாமல் துடைத்துவிடுங்கள். திட்டினால், இவர் கண்ணெதிரில் போகக் கூடாது என்று மட்டும் கற்றுக்கொண்டு சோபாவுக்குப் பின்னால் போகும். பினாயில் ஊற்றிய தரை காயும்வரை நாயை அந்தப் பக்கம் விடக் கூடாது. பாதத்தில் ஒட்டியதை நக்கினால் வாய் புண்ணாகும்.

வீட்டுச் சத்தங்களில் குக்கர் விசில்தான் முதல் எதிரி; அடுத்து மிக்ஸி, காலிங் பெல், பூஜை மணி. இதற்குச் சத்தத்தையும் ஈரல் துண்டையும் சேர்த்துப் பழக்க வேண்டும். ஆனால் வரிசை மாறக் கூடாது. முதலில் சத்தம், ஓரிரு விநாடியில் துண்டு. சத்தம் நின்றதும் துண்டும் நிற்கும். விசிலைக் கைப்பேசியில் பதிவுசெய்து, மிகக் குறைந்த ஒலியில் அடுத்த அறையிலிருந்து தொடங்குங்கள். நாய் காதைத் திருப்பிப் பார்க்க வேண்டும், எழுந்து ஓடக் கூடாது. அதுதான் சரியான அளவு. ஒரு வேளைக்கு 5, 6 தடவை, நாளுக்கு இரண்டு வேளை. துண்டைத் தின்ன மறுத்தால் சத்தம் அதிகம் என்று பொருள், குறையுங்கள். வரிசையை மாற்றி முதலில் தீனியைக் கொடுத்துவிட்டு விசிலைப் போட்டால் என்ன ஆகும் தெரியுமா? ஈரலைக் கண்டாலே அடுத்து ஏதோ வரப்போகிறது என்று நாய் ஓட ஆரம்பித்துவிடும். 'நாங்களும் செய்து பார்த்தோம், பலிக்கவில்லை' என்பவர்களில் பலர் செய்தது இதுதான்.

உறுமலுக்குத் தண்டனை கூடாது. 'போதும், தள்ளிப் போ' என்பதற்கு நாயிடம் உள்ள ஒரே நாகரிகமான சொல் அது. உறுமியதற்கு அடித்தால் அடுத்த முறை உறுமாது, நேரே கடிக்கும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் ஒரே விதி: நாய் இருக்கும் மூலைக்குக் குழந்தை போகக் கூடாது, குழந்தை இருக்கும் இடத்துக்கு நாய் வந்தால் வரலாம். பெரியவர் ஒருவர் அறையில் இல்லாமல் இருவரையும் சேர்த்து விடக் கூடாது.

கடியோ பல் பட்ட கீறலோ ஏற்பட்டால், தடுப்பூசி போட்ட நாயாக இருந்தாலும், ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். மஞ்சள், மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் வைக்கக் கூடாது. தோலுக்குள் போடும் ரேபீஸ் (வெறிநோய்) தடுப்பூசி 0 (முதல் ஊசி போடும் நாள்), 3, 7, 28-ஆம் நாள்களில். ரத்தம் வந்த காயம் என்றால் கூடவே, கிருமியை உடனே எதிர்க்கும் இம்யூனோகுளோபுலின் மருந்தும் வேண்டும். சென்ற வாரம்தான் ரேபீஸ் ஊசி போட்டார்கள் என்று காப்பகத்தில் சொன்னால் அதையே பாதுகாப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஊசி வேலை செய்யச் சில வாரம் ஆகும். அதற்கு முன்பே நோய் தொற்றியிருந்தால் ஊசி அதைத் தடுக்காது.

'ரொம்ப அமைதி' என்று பாராட்டப்படும் நாய் சில சமயம் நோயாளியாகவும் இருக்கும். நம் ஊரில் முதல் சந்தேகம் உண்ணிக் காய்ச்சல். ஈறு வெளுத்திருப்பது, மூக்கில் ரத்தம், சோர்வு, காய்ச்சல் இருந்தால் ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். உண்ணி பரப்பும் எர்லிக்கியா கிருமி என்று தெரிந்தால் டாக்சிசைக்ளின் மருந்தை வழக்கமாக 28 நாள் கொடுப்பார்கள். பத்தாம் நாள் தெம்பாகிவிட்டது என்று நிறுத்தினால் திரும்பி வரும். பெண் உண்ணி ஒன்று ஆயிரக்கணக்கில் முட்டையிடும். நாயின் மேல் அல்ல, சுவர் விரிசலிலும் கட்டில் மூட்டிலும். நாய்க்கு மட்டும் மருந்து போட்டால் போதாது, வீட்டையும் பார்க்க வேண்டும். குட்டிகளுக்கு 6 முதல் 8 வாரத்தில் பார்வோ, டிஸ்டெம்பர் போன்ற வைரஸ் நோய்களுக்கான கூட்டு ஊசி, 16 வாரம் ஆகும்வரை 3, 4 வாரத்துக்கு ஒரு முறை தொடர்ச்சி, 3 மாதத்தில் ரேபீஸ். சென்னையில் மாநகராட்சி உரிமமும் மைக்ரோசிப்பும் கட்டாயம். சிப் என்பது அரிசி மணி அளவில் தோலுக்கடியில் இருக்கும் ஓர் எண் மட்டுமே. நாய் எங்கே போயிற்று என்று அது சொல்லாது. யாராவது பிடித்து, கருவியால் படித்தால்தான் பயன். கழுத்தில் எண் போட்ட பட்டைக்கு அது மாற்று ஆகாது.

வெளியே நடத்துவதற்கு அவசரம் வேண்டாம். 2 வாரம் வீட்டுக்குள்ளேயே இருந்தால் நாய்க்கு ஒன்றும் ஆகிவிடாது. முதல் நடை விடியற்காலை 5 மணிக்கு, 10 நிமிடம், இரட்டைக் கயிற்றில். தெருவில் ஏற்கெனவே இருக்கும் நாய்கள் தங்கள் எல்லையில் புதியதைச் சும்மா விடாது என்பதால் எந்தத் திருப்பத்தில் எத்தனை இருக்கின்றன என்று முதலில் நீங்கள் மட்டும் நடந்து பார்த்துக்கொள்ளுங்கள். 3 நாள், 3 வாரம், 3 மாதம் என்று ஒரு கணக்குச் சொல்வார்கள்: 3 நாளில் மூச்சு விடும், 3 வாரத்தில் வீட்டு ஒழுங்கு தெரியும், 3 மாதத்தில் நம் வீடு என்று நினைக்கும். மிகவும் கூச்சமுள்ள நாய்க்கு இதைவிட அதிகமாகும். ஆறு மாதமும் ஆகலாம்.

எல்லாம் மீறி ஓடிவிட்டால், துரத்தக் கூடாது, பெயர் சொல்லிக் கத்தவும் கூடாது. துரத்தினால் நாய் அந்த வட்டாரத்தையே விட்டுப் போய்விடும். துரத்தாவிட்டால் பெரும்பாலும் பக்கத்திலேயே எங்காவது பதுங்கும். கண்ணில் பட்டால் உடனே உட்கார்ந்துவிடுங்கள், முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள், ஈரல் துண்டைத் தரையில் சிதறவிடுங்கள். பதினைந்து பேர் டார்ச்சோடு தேடிப் போவதைவிட, கேட்டைத் திறந்துவைத்து, அது படுத்த துணியையும் வாசனையுள்ள சாப்பாட்டையும் வாசலில் வைத்து, ஒருவர் மட்டும் காத்திருப்பது மேல். நடமாட்டம் அடங்கிய அதிகாலை 3 மணியிலிருந்து 5 மணிவரை திரும்பிவர வாய்ப்பு அதிகம். சுவரொட்டியில் 'பிடித்துக்கொடுங்கள்' என்று போடாதீர்கள். 'துரத்தாதீர்கள், கூப்பிடாதீர்கள், பார்த்த இடத்தையும் நேரத்தையும் மட்டும் இந்த எண்ணுக்குச் சொல்லுங்கள்' என்று போடுங்கள். ஒரே இடத்தில் இரண்டு முறை பார்த்ததாகத் தகவல் வந்தால் அங்கே தினமும் ஒரே நேரத்தில் சாப்பாடு வைத்து, பழகிய பிறகு கூண்டுப்பொறி வைத்துப் பிடிக்கலாம்.

தீபாவளியைத் தனியாகச் சொல்ல வேண்டும். வெடிக்கக் காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8 என்று அரசு நேரம் வைத்திருக்கிறது. நம் தெருக்கள் அதை எவ்வளவு மதிக்கின்றன என்பது எல்லோருக்கும் தெரியும். ஒரு வாரம் முன்பே ஆரம்பித்துவிடும். அந்த நாள்களில் நடை மாலை 4 மணிக்குள் முடிய வேண்டும். ஜன்னலை மூடி, திரை போட்டு, மின்விசிறியை வேகமாக ஓடவிட்டு, நாயின் மூலையை உள்ளறைக்கு மாற்றுங்கள். பயத்தைக் குறைக்கும் மாத்திரை வேண்டுமென்றால் பத்து நாள் முன்பே மருத்துவரைப் பார்த்து, ஓர் அமைதியான நாளில் கொடுத்துச் சோதித்துவிட வேண்டும். எழுதிக் கொடுப்பது ஏசிப்ரோமசின் மட்டும் என்றால் ஒரு கேள்வி கேளுங்கள். அது உடம்பை மந்தமாக்கும், பயத்தைக் குறைக்காது; நாய் அசைய முடியாமல் படுத்துக்கொண்டு எல்லா வெடியையும் கேட்டுக்கொண்டிருக்கும்.

முகாம் நடத்துவோரிடமும் சில வேண்டுகோள்கள் உண்டு. கூச்சமுள்ள நாயை முகாம் மைதானத்திலிருந்து அன்றே கையில் கொடுத்தனுப்பும் வழக்கத்தை நிறுத்துங்கள். அந்த வீட்டுக் கதவையும் கேட்டையும் ஒருவர் நேரில் போய்ப் பார்த்த பிறகு, மார்ட்டிங்கேல் பட்டை, ஹார்னஸ், இரண்டு கயிறு, எண் பொறித்த பட்டை நான்கும் வாங்கியாகிவிட்டது என்று உறுதிசெய்த பிறகு, நாயை நீங்களே கூண்டில் கொண்டுபோய் விடுங்கள். 15 நாள் சோதனைக் காலம் வைத்து, மூன்றாம் நாளும் பத்தாம் நாளும் தொலைபேசியில் கேளுங்கள். ஒத்துவராவிட்டால் தெருவில் விடாமல் உங்களிடமே திருப்பித் தரலாம் என்று எழுத்தில் கொடுங்கள். திருப்பித் தருபவரைத் திட்டாதீர்கள், திட்டினால் அடுத்தவர் சொல்லாமல் விட்டுவிடுவார். தீபாவளிக்கு முந்தின 3 வாரம் எந்தப் பயந்த நாயையும் புது வீட்டுக்கு அனுப்பாதீர்கள்.

ஆசிரியர் அவர்களிடம் ஒன்றே ஒன்று. அடுத்த முறை தத்தெடுப்பு முகாம் படம் வெளியிடும்போது, 'கூண்டும் மூடிய காரும் கொண்டுவரவும். ஆட்டோ, இருசக்கர வாகனம் வேண்டாம்' என்ற ஒரு வரியை முகாம் தேதிக்கு அடியில் சேர்த்து அச்சிட்டால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
நாய்க் காப்பகப் பணியில் உள்ள வாசகர்கள்,
சென்னை